மாதிரியுருவில் விடுபடுவோர்: ஓர் அறவியல் நோக்கு

ஆங்கிலக் கதையொன்றைத் தமிழிற் பெயர்க்க முற்படும் ஒருவர், மிக எளிதெனத் தோன்றும் ஒரு சொல்லின் முன்னே தடைப்பட்டு நிற்பதுண்டு. ‘பிரதர்’ என்பதே அச்சொல். கதையில் வரும் பெண் தன் உடன்பிறந்தானை விளித்துப் பேசுகின்றாள். அவன் அவளுக்கு மூத்தவனா, இளையவனா என்பது மூலத்தில் எங்கும் கூறப்படவில்லை. ஆங்கிலத்திற்கு அது வேண்டப்படுவதுமில்லை. தமிழிலோ ‘அண்ணா’ என்றோ ‘தம்பி’ என்றோ விளித்தாலன்றி அவள் பேச்சு இயல்பாய் அமையாது. எனவே, மூலத்தில் இல்லாத ஒரு செய்தியைப் பெயர்ப்பாளர் எங்கிருந்தேனும் பெற்றாக வேண்டும். ஆசிரியரைக் கேட்டறியலாம், கதையின் பிற பகுதிகளைக் கொண்டு உய்த்துணரலாம், அன்றேல், ஒன்றைத் தாமே எழுதிவிட்டு வாளா இருந்துவிடலாம். மூன்றாவது வழியைப் பின்பற்றியவரை வாசகர் கண்டுகொள்வது அரிது. ஏனெனில், அறிந்து எழுதிய ‘அண்ணா’வும் அறியாது எழுதிய ‘அண்ணா’வும் தாளில் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும்.

பெயர்ப்பு என்பது மொழிகளுக்கிடையே மாத்திரம் நிகழ்வதன்று. கட்டடக் கலைஞர் கணனியில் அமைக்கும் மாதிரியுருவை, அக்கட்டடத்தின் வெப்பத்தையும் மின்தேவையையும் முற்கூட்டியே கணிக்கும் மென்பொருளுக்கு ஏற்ற வடிவமாக மாற்றும் பணியும் ஒருவகைப் பெயர்ப்பே ஆகும். இது பொறியியலாளரின் துறையன்றோ, இதில் அறவியலுக்கு என்ன இடமுண்டு என ஒருவர் வினவலாம். மாற்றத்தின்போது எது கொள்ளப்படுகின்றது, எது தள்ளப்படுகின்றது, மூலம் சொல்லாத இடத்தை யார் நிரப்புகின்றார் என்பவற்றை நோக்குமிடத்து, அவ்வினாவிற்கு விடை தானே புலப்படும்.

பொதுவாகப் பேசுவதினும் இதனை ஓர் இடத்தில் வைத்து நோக்குதல் நன்று. கொழும்பின் வடகிழக்கு விளிம்பில், பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்குமிடத்தே அமைந்தது ஒருகொடவத்தை. களனி கங்கை அண்மையில் ஓடுகின்றது. எண்ணெய்த் தாங்கிகள், களஞ்சியங்கள், கொள்கலன் முற்றங்கள் ஆகியவற்றால் அறியப்பட்ட பகுதி இது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் உயர்வீதியும் இங்கேதான் பேஸ்லைன் வீதியை வந்தடைகின்றது. பாரவூர்திகளின் இரைச்சலும் புழுதியும் இங்கு வாழ்வோரின் அன்றாட அனுபவம். கொழும்பு மக்கள் ‘தோட்டம்’ என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகள் இப்பகுதியைச் சூழவும் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன. 2010இன் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபை மேற்கொண்ட நகர மீளுருவாக்கத் திட்டம், அத்தகைய குடியிருப்புகளில் வாழ்ந்த அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை உயர்ந்த தொடர்மாடிகளிற் குடியமர்த்துவதை நோக்கமாகக் கொண்டது. தெற்கே தெமட்டகொடையிலும் கிழக்கே கொலன்னாவையின் சாலமுல்லையிலும் எழுந்த கோபுரங்கள் அத்திட்டத்தின் விளைவுகள். வீடொன்றின் பரப்பு பெரும்பாலும் 400 முதல் 500 சதுர அடி வரையே.

இப்பகுதியில் அத்தகைய தொடர்மாடியொன்று எழுப்பப்பட இருப்பதாகவும், அதன் மாதிரியுரு சக்திக் கணிப்புக்கு உட்படுத்தப்படுவதாகவும் கொள்வோம். இஃது எடுத்துக்காட்டின் பொருட்டுக் கொள்ளப்பட்டதேயன்றி, நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பதன்று.

கட்டடக் கலைஞரின் மாதிரியுரு, கட்டுவதற்காக அமைந்தது. ‘ரெவிட்’ போன்ற மென்பொருளில் அவர் எழுப்பும் சுவருக்குத் தடிப்புண்டு; கல்லும் சாந்தும் பூச்சும் எனப் படைகளுண்டு. படிக்கட்டின் கைபிடியும் கதவின் பிணைச்சலும்கூட அதில் இடம்பெறலாம். சக்திக் கணிப்பு மென்பொருளோ வேறு நோக்குடையது. ஐக்கிய அமெரிக்காவின் வலுசக்தித் திணைக்களத்தின் ஆதரவில் உருவாகி 2001இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட ‘எனர்ஜிபிளஸ்’ இவற்றுட் பரவலாக அறியப்பட்டது. கட்டடத்தை இது வெப்ப வலயங்களாகக் காண்கின்றது. வலயம் என்பது ஒரே வெப்பநிலையை உடையதாகக் கொள்ளப்படும் காற்றுப் பரப்பு. அதனைச் சூழ்ந்துள்ள ஒவ்வொரு பரப்பினூடாகவும் எவ்வளவு வெப்பம் உள்ளே வருகின்றது, எவ்வளவு வெளியேறுகின்றது என ஓராண்டின் 8760 மணிநேரத்துக்கும் இது கணக்கிடும். கைபிடியும் பிணைச்சலும் இதற்கு வேண்டியதில்லை. சுவர்கூட வடிவத்தளவில் தடிப்பற்ற ஒரு தளமே. தடிப்பு என்பது அத்தளத்தோடு இணைக்கப்பட்ட ஒரு பெறுமானம் மாத்திரமே. இவ்விரண்டுக்கும் இடையே தகவலைக் கொண்டுசெல்வதற்கென ‘ஐ.எஃப்.சி.’, ‘ஜி.பி.எக்ஸ்.எம்.எல்.’ என்னும் பொது வடிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முன்னையது 2013இல் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. ஆயினும், வடிவம் பொதுவாகிவிட்டதனால் பொருளும் பொதுவாகிவிடுவதில்லை.

மாற்றத்தில் நேரும் பிழைகள் சிலவற்றை முதலில் நோக்கலாம். தடிப்புள்ள சுவரைத் தளமாக்கும்போது அதன் உட்பக்கத்தைக் கொள்வதா, நடுக்கோட்டைக் கொள்வதா என்னும் வினா எழுகின்றது. ஒவ்வோர் அறைக்கும் உட்பக்கமே கொள்ளப்பட்டால், அடுத்தடுத்த இரு வீடுகளுக்கிடையே சுவரின் தடிப்பளவான வெற்றிடம் ஒன்று தோன்றிவிடுகின்றது. அவ்விரு தளங்களும் ஒரே சுவரின் இரு முகங்கள் எனக் கூறப்படாவிடின், மென்பொருள் அவற்றை வெளிச்சுவர்களாகக் கொள்ளும். அயல்வீட்டோடு ஒட்டிய சுவர், காற்றிலும் வெயிலிலும் நிற்கும் சுவராக மாறிவிடும். இவ்வாறே, மாதிரியுருவில் ‘அறை’ எனப் பெயரிடப்படாத நடைபாதை, கணிப்பில் இல்லாத நடைபாதையாகின்றது.

திசை பற்றிய பிழை இதனிலும் நுண்ணியது. வரைபடம் தாளில் நேராக அமைய வேண்டும் என்பதற்காகக் கட்டடக் கலைஞர் வடக்கைச் சற்றுத் திருப்பி வைத்து வரைவது வழக்கம். உண்மையான வடக்கு எது என்பது வேறாகக் குறிக்கப்பட்டிருக்கும். மாற்றத்தின்போது அக்குறிப்பு தவறிப்போனால், கட்டடம் முழுவதும் சுழன்றுவிடும். கொழும்பு ஏறத்தாழ வட அகலக்கோடு 7 பாகையில் அமைந்திருப்பதால், ஏப்பிரல் தொடக்கத்திலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே நிற்கின்றது. அவ்விரு காலங்களுக்கிடையே வடபுறமாகச் சாய்ந்து செல்கின்றது. மேற்குச் சுவரே பிற்பகல் முழுவதும் வெயிலை ஏற்று, இரவிலும் அதனை உள்ளே விடுவது. எனவே, திசை பிறழ்ந்த மாதிரியுருவில், மேற்கு நோக்கிய படுக்கையறையில் உறங்கப்போகும் குழந்தை நிழலில் உறங்குவதாகக் கணக்கு முடியும்.

இவை பிழைகள். பிழையைக் கூர்ந்து நோக்குவோர் கண்டு திருத்தலாம். ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது, பிழையெனக் கூறமுடியாத மற்றொன்றாகும். சக்திக் கணிப்புக்கு வேண்டிய பல செய்திகள் மூல மாதிரியுருவில் இல்லவே இல்லை. ஒரு வீட்டில் எத்தனைபேர் வாழ்வர்? அவர்கள் எந்நேரம் வீட்டிலிருப்பர்? எப்போது சமைப்பர்? சன்னல்களை எப்போது திறப்பர்? கட்டடக் கலைஞர் இவற்றை எழுதுவதில்லை. சுவரெழுப்ப இவை வேண்டியதில்லை. கணிப்புக்கோ இவையின்றி முடியாது. இங்கேதான் ‘அண்ணனா, தம்பியா’ என்னும் வினா திரும்பவும் எழுகின்றது. சட்டப் பத்திரத்தைப் பெயர்ப்பவர் ‘சகோதரன்’ என்னும் பொதுச்சொல்லின் பின்னே ஒதுங்கிக்கொள்ளலாம். எண்ணில் அத்தகைய ஒதுங்குமிடம் இல்லை. ‘நால்வர்’ என்றோ ‘எழுவர்’ என்றோ கூறியே ஆகவேண்டும். கூறப்படாத இடங்களை, மாற்றும் மென்பொருள்கள் பலவும் தாம் முன்கூட்டியே வைத்திருக்கும் இயல்புநிலைப் பெறுமானங்களால் நிரப்பிவிடுகின்றன. ‘குடியிருப்பு’ என்ற ஒரு சொல்லைத் தெரிவு செய்தால் போதும். ஆட்தொகை, வருகை நேரம், விளக்கு, அடுப்பு யாவும் ஒருங்கே வந்து சேரும். அவற்றுட் பல, வேறு தேசங்களில், வளிபதனம் செய்யப்பட்ட கட்டடங்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை.

இந்நிலையில் ஒருகொடவத்தையில் நாம் கற்பித்துக்கொண்ட வீட்டுக்குள் நுழைந்து நோக்குவோம். கணிப்பின்படி அவ்வீட்டார் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவர். பகலில் வீடு வெறுமையாக இருக்கும். தோட்டத்து வாழ்விலிருந்து வந்த குடும்பத்திலோ பாட்டி பகல் முழுவதும் வீட்டிலிருப்பார். மகள் தையல் இயந்திரத்தின் முன்னே இருப்பாள். விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் வீடாயின், ஆவியும் அடுப்பின் வெப்பமும் கணிப்புக் கூறும் நேரத்துக்கு முன்னரே தொடங்கிவிடும். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றது. நால்வருக்குப் பதில் எழுவர் வாழின், அச்சிறு இடத்தில் மேலும் மூன்று உடல்களின் வெப்பம் சேர்கின்றது.

சன்னலைப் பற்றிக் கூறவேண்டியது இதனினும் முக்கியமானது. வெளிக்காற்று உட்காற்றினும் குளிர்ந்திருக்கும்போது சன்னல் திறக்கப்படும் என விதித்து விட்டால், கணிப்பிலுள்ள சன்னல் தவறாது திறந்துகொள்ளும். மனிதர் திறக்கும் சன்னல் அத்தகையதன்று. பகலிற் பாரவூர்திப் புழுதி, மாலையில் நுளம்பு, இரவில் உயர்வீதியின் இரைச்சல். நடைபாதைப் பக்கத்துச் சன்னலைத் திறந்தால் போவோர் வருவோரின் கண் வீட்டிற்குள் விழும். வளர்ந்த பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பெரும்பாலும் மூடியே கிடக்கும். கணிப்பில் வீட்டை ஊடறுத்துச் செல்லும் காற்று, வாழ்வில் அவ்வீட்டிற்குள் வருவதேயில்லை. ஆயினும் கணிப்பின் முடிவு தசமத்தானம் வரை துல்லியமாக அச்சாகி வெளிவரும். அளந்து பெற்ற எண்ணும், எவரும் அறியாதமையால் இடப்பட்ட எண்ணும் அதனுட் கலந்துவிட்டபின், அவற்றைப் பிரித்தறிய எந்த அடையாளமும் இல்லை.

அறிவுக்கும் அதன் வாயிலுக்கும் உள்ள தொடர்பு நம் மரபில் நன்கு ஆராயப்பட்டதொன்று. தமிழில் ‘அளவை’ என்னும் சொல், அளத்தலையும் குறிக்கும். மெய்யறிவு பெறும் வாயிலையும் குறிக்கும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகள் ஆராயப்படுகின்றன. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் அங்கு முதன்மை பெறுகின்றன. ஒன்றை அறிந்தேன் எனக் கூறுபவர், எவ்வாயிலால் அறிந்தார் எனக் கூறக் கடமைப்பட்டவர் என்பதே இவ்வாராய்ச்சியின் அடிப்படை. சக்தி மாதிரியுருவிற் சுவரின் நீளம் காண்டலால் வந்தது எனலாம். அதனூடாகப் பாயும் வெப்பம் கருதலால் வந்தது. பொருளின் வெப்பக் கடத்துதிறன் நூலுரையால் வந்தது. ஒருகொடவத்தைக் குடும்பம் பகலில் வீட்டிலில்லை என்பது எவ்வளவையால் வந்தது? கண்டவர் இல்லை, கருதியவர் இல்லை, உரைத்தவரும் இல்லை. அளவையின்றி வந்த ஒன்று, அளவையால் வந்தவற்றோடு சமமாக வீற்றிருக்கின்றது. இதுவே அறிவியல் நோக்கில் உள்ள குறை.

இது அறவியற் குறையும் ஆவதெவ்வாறு? கிரேக்க ஞானி பிளேற்றோ தமது ‘குடியரசு’ என்னும் நூலின் இறுதிப் பகுதியில், கட்டிலை வரையும் ஓவியன் தச்சன் செய்த கட்டிலைப் போலச் செய்பவனேயென்றும், அதனால் உண்மையிலிருந்து மிகவும் விலகி நிற்பவனென்றும் குறைகூறினார். சக்தி மாதிரியுருவும் மாதிரியுருவின் மாதிரியுருவே. ஆயினும் பிளேற்றோவின் குற்றச்சாட்டை இங்கே அப்படியே ஏற்றல் பொருந்தாது. மேற்குச் சுவர் நள்ளிரவிலும் வெப்பத்தை விடும் என்பதை அழகிய வரைபடம் ஒருபோதும் கூறாது. எளிய தளங்களால் ஆன சக்தி மாதிரியுரு கூறும். விலகி நிற்பதனாலேயே அது காணும் உண்மையும் உண்டு. எனவே சுருக்குதல் குற்றமன்று. கைபிடியை விடுவதாற் கைபிடிக்கு எத்தீங்கும் இல்லை. மனிதரை விடுவது அத்தகையதன்று. ஓவியத்தில் வரையப்பட்ட கட்டிலில் எவரும் உறங்கப்போவதில்லை. கணிக்கப்பட்ட வீட்டிலோ ஒரு குடும்பம் ஐம்பது ஆண்டுகள் வாழப்போகின்றது.

திருக்குறள் வாய்மைக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, உள்ளதை உள்ளவாறு கூறுதலோடு அமையாது, கூற்றினால் விளையும் தீங்கினையும் கருத்திற் கொள்வது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இயல்புநிலைப் பெறுமானத்தை ஏற்றுக்கொண்டவர் பொய் கூறவில்லை. அவர் எதுவுமே கூறவில்லை. அவருடைய மௌனம் இன்னொருவர் மீது சுமையாக விழுகின்றது என்பதே பொருள். 2022 ஓகஸ்டில் இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டமை பலரும் அறிந்ததே. காற்று வராத வீட்டில் இரவுபகலாகச் சுழலும் மின்விசிறியின் செலவை, மாதிரியுருவை மாற்றியவர் செலுத்துவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, மின்விசிறியும் நின்றது. அவ்வேளைகளில் ஒரு வீட்டின் வெம்மையைத் தீர்மானித்தவை அதன் சுவர்களும் சன்னல்களுமே. அவையோ, கட்டடம் எழுமுன் எவரோ மேசையருகிலிருந்து செய்த தெரிவுகள்.

இதற்கு எதிராக ஒரு வலிய வாதம் உண்டு. எல்லாவற்றையும் கேட்டறிந்தபின்னரே கணிப்பதெனின், கணிப்பே நடைபெறாது; குறையுள்ள கணிப்பு, கணிப்பேயில்லாத நிலையினும் மேலானதன்றோ? மேலும், ஒரு கட்டடம் ஒரு குடும்பத்துக்கு மாத்திரம் உரியதன்று. இன்றைய பாட்டி நாளை இல்லை. இடியப்பம் அவிக்கும் வீட்டில் நாளை வேறொருவர் குடியிருப்பார். ஆகவே சராசரி மனிதரைக் கொள்வதே நடுவுநிலை என இவ்வாதம் முடியும். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சராசரி வேண்டியதே. ஆனால், எவருடைய சராசரி என்பதே வினா. ஒருகொடவத்தையினதும் தெமட்டகொடையினதும் குடும்பங்களை நோக்கிப் பெற்ற சராசரி ஒன்று. அக்குடும்பங்களில் ஒன்றையேனும் அறியாத சராசரி மற்றொன்று. முன்னையது நடுவுநிலை, பின்னையது அந்நியரின் வாழ்வை இவர்கள் மீது ஏற்றுவது. குறையுள்ள கணிப்பு மேலானது என்னும் கூற்றும், அக்குறை வெளிப்படக் கூறப்படும் வரையிலேயே உண்மையாகும். குறை மறைக்கப்பட்டவிடத்து, அறியாமை என்னும் பயனுள்ள எச்சரிக்கையையும் நாம் இழந்துவிடுகின்றோம்.

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலுசக்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. கட்டடங்களின் சக்திச் சிக்கனம் பற்றிய கோவைகளும் இந்நாட்டில் வெளியிடப்பட்டுள்ளன. கணிப்பின் எண், விதிகளோடு ஒப்பிடப்பட்டுத் தீர்ப்பாகும் காலம் இது. தீர்ப்புக்குச் சான்றாக நிற்கும் எண், குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டும். அதற்கு மூன்று கடமைகள் இன்றியமையாதன. முதலாவது, சொல்லப்படாததைச் சொல்லப்படாதது என்றே குறித்தல்: அளந்தவை, கருதியவை, இயல்புநிலையாக ஏற்றவை என மூன்று நிரல்களாக எழுத எந்த இயந்திரமும் தடையாகாது. இரண்டாவது, அறிந்தவரைக் கேட்டல். மூன்றாவது, தெரிவு செய்தவர் அத்தெரிவுக்குத் தம் பெயரை இடுதல். ‘கணனி கூறியது’ என்னும் வழக்கு, ‘யாரோ கூறினார்’ என்பதினும் பொறுப்பற்றது.

அறிந்தவரைக் கேட்டல் நடைமுறைக்கு ஒவ்வாதது என்பார்க்கு, இந்நாட்டின் வரலாற்றிலேயே விடை உண்டு. 1950களின் பிற்பகுதியிற் கண்டி வட்டபுலுவையில் அரச ஊழியருக்கென வீடமைப்புத் திட்டமொன்றை வடிவமைத்த மினற் டி சில்வா, அங்கு குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்துகளை அளித்தார். பல்வேறு இனங்களையும் மதங்களையும் சேர்ந்த அக்குடும்பங்கள் எவ்வாறு சமைப்பர், எவ்வாறு வழிபடுவர், எவ்வாறு வாழ விரும்புவர் என அறிந்து, அதற்கேற்பப் பல வீட்டு வகைகளை அமைத்தார். கணனி எதுவும் அப்போது அவரிடம் இல்லை. வினாத்தாளும் கேட்கும் மனமும் இருந்தன. 8760 மணிநேரத்தைச் சில நிமிடங்களிற் கணிக்கும் கருவி கையிலிருக்கும் இக்காலத்தில், ஒரு குடும்பத்திடம் ‘சன்னலை எப்போது மூடுவீர்கள்?’ எனக் கேட்க நேரமில்லை என்பது ஏற்கத்தக்கதன்று. ஏழு வீடுகளிற் கேட்டாலும், எவ்வீட்டிலும் கேளாமையினும் அது மேலானது. விடையைக் கொண்டு நடைபாதைச் சன்னலை உயர்த்தியோ, ஒளிபுகாப் பலகையிட்டோ காற்றுக்கு வழி செய்யலாம். அவ்வாறு செய்யின், கணிப்பிலுள்ள காற்று வீட்டிற்குள்ளும் வரும்.

சுருங்கக் கூறின், ஒரு மாதிரியுருவை மற்றொன்றாக மாற்றுபவர் வெறும் படியெடுப்பவர் அல்லர். மூலம் மௌனமாயுள்ள இடங்களில் அவரே ஆசிரியர். ஆசிரியருக்குரிய உரிமையைத் தம்மையறியாது பயன்படுத்திவிட்டு, படியெடுப்பவருக்குரிய பொறுப்பின்மையைக் கோருதல் நீதியாகாது. மனிதர் வாழ்வு பற்றிய ஓர் இடம் வெறுமையாக இருக்குமாயின், அதனை நிரப்புமுன் அம்மனிதரைத் தேடிச் செல்லுதல் வேண்டும். அது இயலாதபோது, அவ்விடம் நம்மால் நிரப்பப்பட்டது என்பதையேனும் எழுதிவைத்தல் வேண்டும். ஒருகொடவத்தையின் பாட்டி பகலில் வீட்டிலிருக்கின்றார் என்பதைக் கணிப்பு அறியாதிருக்கலாம். அறியவில்லை என்பதை அது ஒப்புக்கொள்ளச் செய்வது மனிதரின் கடமை என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.